திரையில் சரியாக இருக்கும் தமிழ்ப் பிரெயில் கோப்பு தாளில் ஏன் சிதைகிறது?

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக வேர்டில் தயாரித்த வரலாற்றுக் குறிப்புகளைப் பிரெயில் மொழிபெயர்ப்பு மென்பொருளில் ஏற்றியதாகவும், திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்ததாகவும், எம்பாசரில் (தாளில் பிரெயில் புள்ளிகளைக் குத்தும் அச்சு இயந்திரம்) அச்சிட்டதும் ஒரு வரி முழுமையாகவும் அடுத்த வரி ஏழெட்டு எழுத்துகளோடும் மாறி மாறி வந்ததாகவும் ஒரு சிறப்பாசிரியர் எழுதியிருக்கிறார். சில தலைப்புகள் ஆங்கில எழுத்துகளாக உளறுகின்றன, பக்க எண் பக்கத்தின் நடுவில் விழுகிறது, ஆண்டுகளும் கேள்வி எண்களும் தவறாக இருப்பதாக மாணவி ஒருத்தி சொல்கிறாள் என்பவை அவருடைய மற்ற மூன்று முறையீடுகள். வேறு மென்பொருள் வாங்க வேண்டுமா என்பதில் அவர் கேள்வி முடிகிறது. கேள்வி மென்பொருளைப் பற்றியது போலத் தோன்றினாலும், அவருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த நான்கு கோளாறுகளும் ஒரே இடத்தில் பிறந்தவையா, இல்லையென்றால் ஒவ்வொன்றும் எங்கே நுழைந்தது என்பதற்கான விடை. அவை ஒரே இடத்தில் பிறந்தவை அல்ல என்பதை அவர் தந்த விவரங்களிலிருந்தே சொல்லிவிடலாம்.

தமிழ்ப் பாடநூல்களையும் வினாத்தாள்களையும் பிரெயிலாக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். நான் பார்வையுள்ளவன், என்னோடு மெய்ப்பு பார்ப்பவர் பார்வையற்ற நண்பர். எனவே நான் கண்ணால் பார்த்து "சரி" என்று சொன்னதை அவர் விரலால் தொட்டுத் "தவறு" என்று சொன்ன தருணங்களே எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத் தந்தன.

ஒரு பிரெயில் தாள் மூன்று படிகளைக் கடந்து வருகிறது. முதலில் மூல உரை. அடுத்து அதைப் புள்ளிகளாக மாற்றி, வரி, பக்கம் என்று பிரிக்கும் மொழிபெயர்ப்பு. கடைசியில் அந்த வரிகளைத் தாளில் குத்தும் எம்பாசர். ஒவ்வொரு படியும் முந்தைய படி தந்ததை அப்படியே நம்புகிறது. மூலத்தில் உள்ள தவற்றை மென்பொருள் மிகுந்த விசுவாசத்தோடு புள்ளியாக்கும். மென்பொருள் கொடுத்த நீள வரியை எம்பாசர் எந்தக் கேள்வியும் கேட்காமல் உடைக்கும். ஆகவே பிரெயில் வடிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதிலேயே கையால் திருத்துவது, பெரும்பாலானவர்கள் முதலில் செய்வதும் பெரும்பாலும் வீணாவதுமான வேலை. மூலத்தைத் திருத்தி மீண்டும் மொழிபெயர்க்கும்போது அந்தத் திருத்தங்கள் அனைத்தும் போய்விடும்.

வரி உடைவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீள வரி, குட்டை வரி, நீள வரி, குட்டை வரி என்ற வடிவம் வந்தால், கோப்பு ஓர் அகலத்துக்கும் எம்பாசர் வேறோர் அகலத்துக்கும் அமைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலான மென்பொருள்கள் வரிக்கு 40 கட்டம் (ஆறு புள்ளிகள் வரை கொள்ளும் இடமே ஒரு கட்டம்), பக்கத்துக்கு 25 வரி என்ற அளவில்தான் தொடங்குகின்றன; அது பதினொன்றரை அங்குல அகலமும் பதினோரு அங்குல உயரமும் கொண்ட பிரெயில் தாளுக்கான அளவு. நம் பள்ளிகளிலோ ஏ4 தாளே கைக்குக் கிடைக்கிறது. பிரெயிலில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் ஏறத்தாழ 6 மில்லிமீட்டரும், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஏறத்தாழ 10 மில்லிமீட்டரும் வேண்டும். 210 மில்லிமீட்டர் அகலமுள்ள தாளில் ஓரம் விட்டால் 30 முதல் 32 கட்டங்களே நிற்கும். 40 கட்ட வரியில் 32 போக மிஞ்சும் 8 கட்டங்கள் அடுத்த வரிக்குத் தள்ளப்படுகின்றன. ஆசிரியர் எழுதிய "ஏழெட்டு எழுத்து" என்ற கணக்கு இதோடு அப்படியே பொருந்துகிறது.

பக்க எண் நடுவில் விழுவதும் இதே கோளாற்றின் தொடர்ச்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 25 வரிகள் கொண்ட ஒரு பக்கத்தில் பத்து வரிகள் உடைந்தால் மொத்தம் 35 வரி ஆகிறது. ஏ4 தாளில் 27 வரி கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், மீதி எட்டு வரிகள் அடுத்த தாளுக்குப் போகும். 25ஆம் வரியின் வலக் கோடியில் இருந்த பக்க எண், இரண்டாம் தாளின் எட்டாம் வரியில் போய் நிற்கும். அதற்குப் பிறகு கோப்பில் பக்க முறிவுக் குறி இருப்பதால் அந்தத் தாளின் மீதி வெறுமையாக விடப்படும். ஆசிரியர் தன் தாளை எடுத்து, நடுவில் உள்ள பக்க எண்ணுக்குக் கீழே தாள் காலியாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். காலியாக இருந்தால் நான் சொன்னதுதான் காரணம். எண்ணுக்குக் கீழேயும் உரை தொடர்ந்து ஓடினால் காரணம் வேறு: குறிப்புகளை வேர்டில் தொகுக்கும்போது பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்த இடங்களில் அச்சுப் பக்கத்தின் எண்ணும் உரையோடு உரையாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அது திரையிலும் இருக்கும். நூறு பக்கங்களுக்கு நடுவே கண்ணில் படாமல் போயிருக்கும்.

இதற்கான தீர்வில் ஒரு நுட்பம் இருக்கிறது. கையில் இருப்பது பிஆர்எஃப் கோப்பு மட்டும் என்றால், எம்பாசரின் அமைப்பை மாற்றி எந்தப் பயனும் இல்லை. பிஆர்எஃப் என்பது வரிகள் ஏற்கெனவே வெட்டப்பட்டு உறைந்துவிட்ட வெறும் எழுத்துக் கோப்பு. பத்தி எது, தலைப்பு எது என்ற நினைவே அதற்கு இல்லை. அதை நோட்பேடில் திறந்து, இருப்பதிலேயே நீளமான வரியின் கடைசியில் சுட்டியை வைத்து, கீழே காட்டும் நெடுவரிசை எண்ணைப் பார்த்தால் எந்த அகலத்துக்கு வெட்டப்பட்டது என்று தெரிந்துவிடும். அதன்பின் மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கே திரும்பிப் போக வேண்டும். டக்ஸ்பரி போன்றவற்றில் அந்த மென்பொருளின் சொந்தக் கோப்பாகச் சேமித்திருந்தால், ஆவணத்துக்கான எம்பாசர் அமைப்பில் கட்ட எண்ணிக்கையையும் வரி எண்ணிக்கையையும் மாற்றியதும் உரை தானாகவே மறுபடி வரி பிரிந்துகொள்ளும். எனவே சொந்தக் கோப்பை எப்போதும் பத்திரப்படுத்துங்கள்; பிஆர்எஃப் அச்சுக்கு அனுப்பும் கடைசி நிமிடத்துக்கானது.

தமிழ் வாசகருக்கு இந்த வரி உடைப்பு ஆங்கில வாசகரைவிட அதிகத் துன்பம் தரும். இந்திய மொழிகளுக்கான பொது முறையாக 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலில் மெய்யெழுத்தின் புள்ளி, அச்சில் இருப்பது போல எழுத்துக்கு மேலே இல்லாமல், எழுத்துக்கு முன்னால் தனிக் கட்டமாக வருகிறது; அந்தக் கட்டத்தில் இருப்பது நான்காம் புள்ளி ஒன்றே (கட்டத்தின் இடப்பக்கப் புள்ளிகள் மேலிருந்து கீழாக 1, 2, 3; வலப்பக்கப் புள்ளிகள் 4, 5, 6). "அம்மா" என்ற சொல் அகரம், நான்காம் புள்ளி, மகரம், மகரம், ஆகாரம் என ஐந்து கட்டங்கள். எம்பாசர் கண்மூடித்தனமாக வெட்டும்போது, நான்காம் புள்ளி ஒரு வரியின் கோடியிலும் அது அடக்க வேண்டிய மெய் அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய்ப் பிரிந்து நிற்கும். வரிக் கோடியில் தனித்து நிற்கும் ஒற்றைப் புள்ளியைப் பல விரல்கள் தவறவிடும். "அம்மா"வை "அமமா" என்று ஒரு குழந்தை எழுத்துக்கூட்டினால், அது குழந்தையின் பிழையன்று.

தாள் தொடர்பான மற்ற கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் பிறகு ஒரு வெற்று வரி வந்தால், கோப்பும் வரியை நகர்த்துகிறது, எம்பாசரும் தானாக நகர்த்துகிறது. எம்பாசரின் தானியங்கி வரி நகர்வை அணைக்க வேண்டும். முதல் வரியிலிருந்தே எதுவும் வாசிக்க முடியாதபடி இருந்தால், ஏற்கெனவே புள்ளியாக்கிய கோப்பை எம்பாசர் தன் உள் மொழிபெயர்ப்பால் இரண்டாம் முறை மாற்றுகிறது, அல்லது அதன் எழுத்து அட்டவணை வேறொரு நாட்டுக்கு உரியதாக இருக்கிறது. இந்த ஆசிரியரின் தாளில் தலைப்புகள் மட்டுமே கெட்டிருப்பதால் இவை இரண்டையும் ஒதுக்கிவிடலாம். ஒரு குறிப்பிட்ட புள்ளி மட்டும் தாள் முழுவதும் விடுபட்டால் அது இயந்திரப் பழுது. ஆறு புள்ளியும் நிறைந்த கட்டங்களை ஒரு வரி முழுக்க அச்சிட்டுத் தடவிப் பார்த்தால் புள்ளி குத்தும் எந்தச் சுத்தி வேலை செய்யவில்லை என்று தெரியும். நான்காம் புள்ளி விடுபட்டால் தமிழில் மெய்யெழுத்துகளுக்கு முன் வெற்றிடம் விழுவதோடு, 1-4 ஆகிய சகரம் வெறும் 1 ஆகிய அகரமாகவும் மாறிவிடும்.

இனித் தலைப்புகள். தலைப்புகள் மட்டும் ஆங்கில எழுத்துகளாக வருகின்றன என்றால், அவை ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்யப்படாதவை என்பது ஏறக்குறைய உறுதி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்தின் உருவம்தான் இருக்கும். அடியில் உள்ள குறியீடு ஆங்கில எழுத்துக்கு உரியது. "தமிழ்" என்று திரையில் தெரியும் சொல், கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகவே இருக்கும். எழுத்துருவைக் கண்ணால் பார்க்கும் நமக்கு அது தமிழ். எழுத்துருவையே கவனிக்காத பிரெயில் மென்பொருளுக்கு அது ஆங்கிலம். மென்பொருளிடம் பிழை இல்லை. சோதிப்பது எளிது: அந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை லதா அல்லது நிர்மலா என்று மாற்றிப் பாருங்கள், அது ஆங்கில எழுத்துகளாக மாறிவிட்டால் ஐயமில்லை. எழுத்துரு மாற்றி கொண்டு அந்தப் பகுதிகளை மட்டும் ஒருங்குறியாக்க வேண்டும். முழுக் கோப்பையும் மாற்றியில் கொட்டினால், உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துக் குப்பையாக வந்து சேரும். அதைச் சுத்தம் செய்ய இன்னொரு வாரம் ஆகும்.

ஒருங்குறிக்கு மாறிவிட்டாலே போதும் என்று நினைப்பவர்கள் பலர். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அச்சில் ஒன்று போலவே தெரியும் இரண்டு வடிவங்கள் புள்ளியில் இரண்டு வேறு சொற்களாகிவிடுவதே தமிழ்ப் பிரெயிலின் மிக நுண்ணிய சிக்கல். வரலாற்றுக் குறிப்புகள் என்பதால் அதிலிருந்தே சான்று தருகிறேன். "மௌரியர்" என்ற சொல்லில் மகரத்துக்குப் பிறகு வருவது ஔகாரத்தின் குறி. ஆனால் தட்டச்சு செய்பவர்களில் கணிசமானோர் ஒற்றைக்கொம்பு இட்டு, அருகில் ளகரத்தை வைத்துவிடுகிறார்கள். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. பிரெயிலில் முதல் வடிவம் மகரம், ஔகாரம் என இரண்டு கட்டங்களில் தொடங்கும். இரண்டாவது மகரம், எகரம், ளகரம் என மூன்று கட்டங்களில் தொடங்கி "மெ-ள-ரியர்" என்றே ஒலிக்கும். பௌத்தம், கௌடில்யர், மௌனம், பௌர்ணமி எல்லாவற்றுக்கும் இதே கதி. இதைத் திருத்தும்போது "ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடம் அனைத்தையும் மாற்று" என்று ஒரே கட்டளை கொடுத்துவிடாதீர்கள். வெளி, தெளிவு, வெள்ளம் எல்லாம் சேர்ந்து அழிந்துபோகும். ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தே மாற்ற வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, கண்ணை மூடிக்கொண்டு மாற்றக்கூடிய ஒரு பிழையும் உண்டு. "அவர்" என்பதில் ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்காலை இட்டு அதன்மேல் புள்ளி வைப்பது, பழைய கோப்புகளிலிருந்து மாற்றப்பட்ட உரைகளில் நிரம்பிக் கிடக்கிறது. துணைக்காலும் மெய்ப்புள்ளியும் அடுத்தடுத்து வரும் சொல் தமிழில் கிடையாது. எனவே அந்தச் சேர்க்கையைத் தேடி, எல்லா இடத்திலும் "ர்" என்று மாற்றிவிடலாம். கொ, கோ வரிசையிலும் கவனம் வேண்டும். "கொ" என்பதன் குறி ஒருங்குறியில் ஒற்றை எழுத்தாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரிந்தும் இருக்கலாம். பிரிந்திருப்பதைச் சேர்த்துப் புரிந்துகொள்ளாத மொழிபெயர்ப்பு அட்டவணை (எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளிகள் என்று மென்பொருளுக்குச் சொல்லும் பட்டியல்), ககரம், ஒகரம் என இரண்டு கட்டங்களில் முடிய வேண்டியதை ககரம், எகரம், ஆகாரம் என மூன்றாக்கிவிடும். "கொ"வுக்குப் பின்னால் சுட்டியை வைத்து, பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்துங்கள். "க" மட்டும் மிஞ்சினால் நல்லது. "கெ" மிஞ்சினால் அது பிரிந்த வடிவம். பிடிஎஃப்பிலிருந்து எடுத்த உரையில் கொம்பு மெய்க்கு முன்னாலேயே போய் நின்றுவிடுவதும் உண்டு. அப்போது "பெயர்" என்ற சொல் எகரத்தில் தொடங்கிப் பகரத்துக்குப் போகும்.

லிப்லூயி என்ற திறந்த மூல மொழிபெயர்ப்பு நிரலை அடிப்படையாகக் கொண்ட மென்பொருள்களில் ஒரு வசதி உண்டு. அட்டவணையில் இல்லாத எழுத்து எதிர்ப்பட்டால் அது மௌனமாக விழுங்குவதில்லை; அந்த எழுத்தின் குறியீட்டு எண்ணை, மேற்கோள் குறிக்குள் பின்சாய்கோடும் எக்ஸும் சேர்த்து நீளமாக எழுதிக் காட்டும். ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டுக் கட்டங்கள் கொண்ட இப்படியொரு கோவை திரும்பத் திரும்ப வந்தால், தமிழ் அட்டவணையைத் தேர்வு செய்ய மறந்திருக்கிறோம் அல்லது கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஏதோ உரையில் ஒளிந்திருக்கிறது என்று அறியலாம்.

மாணவி சொன்ன எண் கோளாறுக்கு வருகிறேன். இவள் சொன்னதை யாரும் அலட்சியம் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். பிரெயிலில் எண்களுக்கெனத் தனி வடிவம் கிடையாது. 3-4-5-6 என்ற எண் குறியை இட்டபின், ஆங்கிலத்தின் முதல் பத்து எழுத்துகளே 1 முதல் 0 வரையிலான இலக்கங்களாகின்றன. அந்தப் பத்து வடிவங்களில் சில தமிழிலும் எழுத்துகள்: அகரம் 1 ஆகும், சகரம் 3 ஆகும், ஏகாரம் 5 ஆகும், ஹகரம் 8 ஆகும், இகரம் 9 ஆகும், ஜகரம் 0 ஆகும். எனவே "1947இல்" என்று இடைவெளியின்றி எழுதினால், எண் குறியின் ஆட்சி இகரத்தையும் பிடித்துக்கொண்டு 19479 என்று ஆகி, பின்னால் ஒரு "ல்" ஒட்டி நிற்கும். "1947ஆம்" என்பதில் இந்த ஆபத்து இல்லை. ஆகாரத்தின் வடிவம் எந்த இலக்கத்துக்கும் உரியதன்று. அதனால்தான் இந்தப் பிழை ஒரு பக்கத்தில் தோன்றி அடுத்த பக்கத்தில் மறைந்து, பார்ப்பவரைக் குழப்புகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வினாத்தாளின் மெய்ப்பை வாசித்துக்கொண்டிருந்த என் நண்பர் சட்டென்று விரலை நிறுத்தி, "சார், எழுபத்தொன்றாவது கேள்வி என்று வருகிறது. மொத்தமே நாற்பது கேள்விதானே?" என்று கேட்டார். அச்சில் இருந்தது "7அ". அடுத்ததாக இருந்த "7ஆ" சரியாக வந்திருந்தது; அதற்கடுத்த "7இ" 79 ஆகியிருந்தது. தேர்வு அறையில் அந்தத் தாள் ஒரு மாணவரின் கைக்குப் போயிருந்தால், எழுபத்தொன்றாம் கேள்வியைத் தேடியே அவருக்குப் பத்து நிமிடம் போயிருக்கும். அன்றிலிருந்து எண்ணையும் எழுத்தையும் நாங்கள் ஒட்டி எழுதுவதில்லை. எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே தானாகப் பிரிப்புக் குறி இடுவதும் இடாததும் மென்பொருளின் அட்டவணையைப் பொறுத்தது. உங்கள் மென்பொருள் என்ன செய்கிறது என்பதை "7அ, 7ஆ, 7இ, 1947இல், 5ஏக்கர்" என்ற ஒரு வரியை மொழிபெயர்த்துப் பார்த்தே அறிய முடியும். அது பிரிக்கவில்லை என்றால் மூலத்திலேயே "1947-இல்" என்று இணைப்புக் குறி இடுவதை நான் பரிந்துரைப்பேன். இடைவெளி விட்டாலும் பிழை தீரும். ஆனால் "இல்" மட்டும் அடுத்த வரிக்குப் போய் அநாதையாக நிற்கும்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சரியாக இருப்பதையும் திருத்தத் தொடங்கிவிடுவீர்கள். தமிழில் ணகரத்தின் வடிவமும் எண் குறியின் வடிவமும் ஒன்றே. "மணி" என்ற சொல்லில் மகரத்துக்குப் பின் வரும் இரண்டு கட்டங்களும் 9 என்ற எண்ணும் புள்ளிக்குப் புள்ளி ஒன்று. பிரெயிலை மீண்டும் எழுத்தாக்கிக் காட்டும் சாளரத்தில் "ம9" என்று தெரிந்தால் பதற வேண்டாம். ணகரத்தில் தொடங்கும் சொல் தமிழில் இல்லை. எண் குறியோ சொல்லின் தொடக்கத்தில் நிற்பது. விரலால் வாசிப்பவருக்கு இந்த இரண்டும் ஒருபோதும் குழம்புவதில்லை.

வடிவமைப்பைப் பொறுத்தவரை, வேர்டில் கண்ணுக்காகச் செய்யும் அலங்காரங்கள் எதுவும் பிரெயிலுக்குப் போவதில்லை என்பதை ஏற்றுக்கொள்வதே தொடக்கம். இடைவெளி விசையைப் பலமுறை தட்டித் தலைப்பை நடுவில் கொண்டுவந்திருந்தால், மென்பொருள் அந்த இடைவெளிகளை ஒன்றாக்கிவிடும் அல்லது அப்படியே வைத்துத் தலைப்பை இரண்டு வரியாக உடைக்கும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கிய வரி தலைப்பு என்று மென்பொருளுக்குத் தெரியாது. வேர்டின் தலைப்பு ஸ்டைலைக் கொடுத்திருந்தால் தெரியும். அதைப் பிரெயில் தலைப்பாக மாற்றி, நடுவில் வைத்து, முன்னும் பின்னும் தேவையான வெற்று வரியையும் விட்டுக்கொள்ளும். பத்திகளும் அப்படியே: பிரெயிலில் பத்தியின் முதல் வரி மூன்றாம் கட்டத்திலும் மற்ற வரிகள் முதல் கட்டத்திலும் தொடங்குவது வழக்கம். பிடிஎஃப்பிலிருந்து எடுத்த உரையில் ஒவ்வொரு அச்சு வரியின் முடிவிலும் ஒரு எண்டர் ஒளிந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு வரியும் ஒரு பத்தியாகி, மூன்றாம் கட்டத்தில் தொடங்கி, வாசிப்பவரை மூச்சு வாங்க வைக்கும். இரண்டு எண்டர் அடுத்தடுத்து வரும் இடங்களை முதலில் உரையில் எங்குமே இல்லாத ஓர் அடையாளமாக மாற்றி, எஞ்சிய ஒற்றை எண்டர்களை இடைவெளியாக்கி, பிறகு அடையாளத்தை மீண்டும் எண்டராக்குவது நான் செய்யும் முறை. டக்ஸ்பரியில் ஆல்ட் விசையோடு எஃப்3 அழுத்தினால் ஒளிந்திருக்கும் குறிகள் எல்லாம் வெளிப்படும். எந்த ஸ்டைல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

பாடத்தில் கட்டம் போட்ட அட்டவணைகள் இருந்தால் அவற்றை வரிசை வாக்கியங்களாகப் பிரித்து எழுதிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ள நல்ல பிரெயில் பணியாளர்களும் இருக்கிறார்கள். என் காரணம் தமிழ்ச் சொற்களின் நீளம். "பயன்படுத்தப்பட்டிருக்கின்றன" என்ற ஒரே சொல் பிரெயிலில் 27 கட்டங்களை எடுத்துக்கொள்கிறது. 32 கட்ட வரியை நான்கு நெடுவரிசைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டுக் கட்டங்களே கிடைக்கும். அதில் "நிர்வாகம்" என்ற சொல்கூட முழுதாக நிற்காது. ஆண்டு, இடம், நிகழ்வு என்ற மூன்று நெடுவரிசை அட்டவணையை, ஆண்டை முதலில் வைத்து ஒரு நிகழ்வுக்கு ஒரு பத்தி என்று எழுதினால் தாள் சற்றுக் கூடும். ஆனால் விரல் வழி தவறாது.

இதுவரை சொன்னவற்றில் வரி அகலமும் எண் ஒட்டுதலும் உறுதியானவை. தலைப்புகளின் எழுத்துருவும் ஏறக்குறைய உறுதி; எழுத்துருவை மாற்றிப் பார்க்கும் சோதனை மிச்சத்தைத் தீர்த்துவிடும். பக்க எண்ணுக்கு இரண்டு காரணங்கள் சொல்லியிருக்கிறேன். தாளைப் பார்த்து ஆசிரியரே முடிவு செய்யலாம். மௌரியரும் துணைக்காலும் அவர் முறையிடாதவை. கோப்பைப் பார்க்காமல் அவை அதில் இருக்கின்றன என்று சொல்ல மாட்டேன், ஆனால் பழைய கோப்பையும் பிடிஎஃப்பையும் கலந்து செய்த உரையில் அவற்றைத் தேடாமல் விடவும் மாட்டேன். மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை. அவர் சொன்ன நான்கு கோளாறுகளில் எதுவும் புதிய மென்பொருளால் மட்டும் தீரக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. கெட்ட மூலம் எந்த மென்பொருளிலும் கெட்ட பிரெயிலாகவே வரும்.

வேலையை இந்த வரிசையில் செய்தால் நேரம் மிச்சமாகும். மூலக் கோப்பின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு பழைய எழுத்துருப் பகுதிகளை ஒருங்குறியாக்குங்கள்; பிறகு துணைக்கால், ஔகாரம், எண்ணோடு ஒட்டிய எழுத்து ஆகிய மூன்றையும் தேடித் திருத்துங்கள்; தேவையற்ற எண்டர்களை நீக்கித் தலைப்புகளுக்கு ஸ்டைல் கொடுங்கள்; அதன்பின் மென்பொருளில் தமிழ் அட்டவணையையும் உங்கள் தாளுக்கு உரிய கட்ட, வரி எண்ணிக்கையையும் அமைத்து மொழிபெயர்த்து, எம்பாசரிலும் அதே எண்ணிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் மூன்றே பக்கங்களை அச்சிடுங்கள்: ஒரு தலைப்பு, ஆண்டுகள் நிறைந்த ஒரு பத்தி, உட்பிரிவு உள்ள சில கேள்விகள் அவற்றில் இருக்கட்டும். அந்த மூன்று பக்கங்களை, எண்கள் தவறு என்று முதலில் கண்டுபிடித்த அந்த மாணவியிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவள் விரல் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை மூலத்தில் திருத்திவிட்டு, அதன்பிறகு மீதிப் பக்கங்களை அச்சுக்கு அனுப்புங்கள்.